பட்டியலில் நான் சேர்த்த மூன்றாவது வரி

என் வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் கள்ளன் நுழைய முடியுமா என்று பார்க்க கம்பெனிகள் எங்களைக் கூப்பிடும். நாங்கள் கள்ளனைப் போலவே நுழைந்து பார்த்து, எந்தக் கதவு திறந்து கிடந்தது என்று எழுதிக் கொடுப்போம். ஊடுருவல் சோதனை என்று இதற்குப் பெயர். "அப்ப கள்ளனுக்கும் ஒனக்கும் என்னாடி வித்தியாசம்?" என்று அம்மா கேட்டார். "ஒரு கடுதாசிதாம்மா" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன், ஆனால் சட்டமும் அதையேதான் சொல்கிறது.

அந்தக் கடிதத்தில் எந்தெந்தக் கம்ப்யூட்டரைத் தொடலாம், எந்த நாட்களில் தொடலாம், ஏதாவது நின்றுபோனால் யாருக்குப் போன் அடிக்க வேண்டும் என்று எல்லாம் இருக்கும். அவற்றின் சொந்தக்காரர் கையெழுத்து வைத்திருப்பார். அதில் இல்லாத ஒரு பெட்டியைத் தொட்டால் அது குற்றம். எந்த நல்ல மனதோடு தொட்டோம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கொழும்பில் நாலே பேர் உள்ள எங்கள் கம்பெனியில், என் முதலாளி இதை ஒவ்வொரு வேலைக்கு முன்னாலும் சொல்வார். நான் தலையாட்டுவேன். எனக்குத் தெரியாததா என்று ஒரு திமிரும் இருந்தது.

அப்போதுதான் எங்கள் தேயிலைத் தோட்டமே வேலையாக வந்தது. நோர்வூட்டுக்கு மேலே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நான் பிறந்த அதே தோட்டம். கொழுந்து நிறுக்கும் தராசுகளை கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார்கள். அதைச் சோதிக்க வேண்டும். "உனக்குத் தெரிந்த இடம், நீயே போ, பட்டியலையும் நீயே போடு" என்றார் முதலாளி. பட்டியல் போட எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் வரி ஆபிஸ். இரண்டாவது வரி, தோட்டத்தின் மேற்பிரிவு கீழ்ப்பிரிவு இரண்டின் தராசுகள். மூன்றாவது வரி ஸ்டோர்.

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதன் சங்கு ஊதித்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். மாரியம்மன் தேர் வருஷா வருஷம் ஸ்டோர் வாசலில் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மேலே ஏறும். அந்த ஸ்டோரைத் தோட்டக் கம்பெனி சில வருஷங்களுக்கு முன் வேறொரு முதலாளிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது. லயத்தில் எல்லோருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் யாரும் வேறொருவருடைய ஸ்டோர் என்று சொன்னதில்லை. நம்ம ஸ்டோர்தான். வெளியூர்க்காரன் ஒருவன் பட்டியல் போட்டிருந்தால், இது யாருடையது என்று வாசலிலேயே கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டு அடுப்படி யாருடையது என்று நான் யாரிடம் கேட்பேன்?

பட்டியலைத் தோட்டத்துப் பக்கம் சரிபார்க்க வேண்டியவர் ஆபிஸில் இருந்த அக்கா. அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். லயத்திலிருந்து போய் அந்த ஆபிஸில் மேசை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். ஹட்டனில் கம்ப்யூட்டர் படிக்க தினம் இரண்டு பஸ் மாறிப் போவார். அவரைப் பார்த்துத்தான் நானும் படித்தேன்.

"அக்கா, லிஸ்ட் அனுப்பியிருக்கேன். ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும் தங்கச்சி. நீ நம்ம புள்ளல்ல."

மின்னஞ்சலில் 'சரி' என்று ஒரே சொல் வந்தது. அதை நம்பிக் கொழும்பில் தோட்டக் கம்பெனி இயக்குநர் கையெழுத்து வைத்தார். அந்தக் கையெழுத்தை நம்பி நான் செவ்வாய்க்கிழமை காலை அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். ஸ்டோருக்கும் ஆபிஸுக்கும் இடையே பழைய இணைப்பு ஒன்று வெட்டப்படாமலே கிடந்தது. உள்ளே போவது சுலபமாக இருந்தது. சந்தோஷப்பட்டேன்கூட.

ஸ்டோரில் கொழுந்து இறக்கும் இடத்தில் இருந்த கம்ப்யூட்டர் மிகப் பழையது. நான் தட்டிப் பார்த்ததிலேயே அது செத்துப்போனது. கொழுந்து லொறிகள் வரிசையாக நின்றன. சாக்குக்குள் கொழுந்து சூடேறினால் தூளுக்கு ஆகாது, அது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பதினொரு மணிக்கு ஸ்டோர் முதலாளி முறைப்பாடு கொடுக்கப் பொலிஸுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் டவுன் பொலிஸில் கடிதத்தை எடுத்து நீட்டினேன். முறைப்பாட்டை எழுதிக்கொண்ட பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு வந்து மூன்றாவது வரியில் நிறுத்தினார். "இந்த இடத்தின் சொந்தக்காரருடைய கையெழுத்து எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். எவ்வளவு சின்னக் கேள்வி! அதைக் கேட்கத்தானே எனக்குச் சம்பளம்?

ஸ்டோர் முதலாளி ஒரு வழி சொன்னார். யாருடைய பிழை என்று தோட்டத்து ஆபிஸ் எழுத்தில் தரட்டும், நாளைக் காலைக்குள் தந்தால் முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கிறேன், இல்லாவிட்டால் கோர்ட். கோர்ட் என்றால் என் வேலை போகும். கள்ளி என்று பெயர் எடுத்தவளை இந்தத் தொழிலில் வேறு எவனும் சேர்க்கமாட்டான். என் முதலாளி போனில் கத்தவில்லை. "மூன்றாவது வரியை யார் போட்டது?" என்று மட்டும் கேட்டார்.

நான் போட்டேன் என்று சொல்ல இரண்டே சொல் போதும். "தோட்டத்து ஆபிஸ்ல சரின்னு சொன்னாங்க சார்" என்றேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது.

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் தொரை அக்காவை உள்ளே கூப்பிட்டார். தொரை என்றால் தோட்டத்து மேனேஜர். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடவுளே, கடவுளே என்று வாய் முணுமுணுத்தபடி இருந்தது. அக்காவைக் காப்பாற்று என்று வேண்டினேனா, என்னைக் காப்பாற்று என்று வேண்டினேனா? என்னைத்தான்.

அக்கா ஒரு கடிதத்தோடு வந்தார். கண் சிவந்திருந்தது. "இந்தா தங்கச்சி. தேதி சரியான்னு பாத்துக்க."

ஸ்டோரையும் பட்டியலில் சேர்க்கும்படி தானே சொன்னதாகவும், அது தன்னுடைய கவனக்குறைவு என்றும் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். அழகான கையெழுத்து.

"அக்கா, நீங்க சேக்கச் சொல்லலியே."

"நான் பாக்காம சரின்னு போட்டேன்ல. போ."

"நான் உள்ள போயி தொரகிட்ட சொல்றேங்க்கா."

"ஒங்கம்மா நேத்து அந்திக்கு வீட்டுக்கு வந்தாங்க. என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க" என்றார் அக்கா. "நீ எதுவும் சொல்லாத. நாழியாகுது, போயி குடு."

அம்மா போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். தொரையின் கதவு பத்தடி தூரத்தில் பாதி திறந்திருந்தது. நான் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன், சேற்றில் செருப்பு வழுக்க வழுக்க.

முறைப்பாடு திரும்பியது. மூன்றாவது வரியை வெட்டி, சோதனையை முடித்து, அறிக்கை கொடுத்தேன். தராசுகளில் கண்ட ஓட்டைகளை அடைக்க வழி எழுதினேன், அடைத்தார்கள். நல்ல வேலை என்று தோட்டக் கம்பெனி பாராட்டியது. அக்காவின் மேசைக்கு வேறு ஆள் வந்தார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, மேற்பிரிவில் அந்திக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் கூட்டிவர நான் போயிருந்தேன். வரிசையில் அக்கா நின்றார், இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்கு, விரல்களில் கொழுந்துக் கறை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எப்ப வந்த தங்கச்சி? மெலிஞ்சிட்டியே" என்றார்.

அவருடைய முறை வந்தது. கொழுந்துச் சாக்கைத் தராசில் வைத்தார். முன்னால் நின்ற பெண் ஒருத்தி, இந்தத் தராசு குறைச்சுக் காட்டுது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் தோளைத் தொட்டார்.

"அதெல்லாம் சரியாத்தான் காட்டும்" என்றார். "நம்ம புள்ள பாத்த தராசு."