தோட்டத்து மானும் நியாயஸ்தரும்

என் வெண்டைச் செடிகளைத் தின்ற மானைச் சுட்டுத் தள்ள வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தான். இதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போகப்போக நான் ஏதோ ஜீவகாருண்ய சங்கத்தின் ஆயுள் தலைவி போலத் தெரிய வாய்ப்பிருக்கிறது. யாரும் ஏமாற வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கிக் குடிபோனோம். பின்பக்கம் புல்வெளி, அதைத் தாண்டி எங்கள் எல்லைக்குள்ளேயே கொஞ்சம் மரங்கள், அதற்கப்புறம் காடு. வீட்டைக் காட்டிய ஏஜென்ட் அம்மாள் சமையலறை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "மான்கூட வரும்" என்றாள். என் கணவர் அங்கேயே விழுந்துவிட்டார். கூரை ஒழுகுமா, பேஸ்மென்டில் தண்ணீர் ஏறுமா என்று ஒரு கேள்வி கிடையாது. பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் நாலு வருஷம் பார்க்கிங் லாட்டையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பாவம்.

மான் வந்தது. வராமல் என்ன? சென்னையிலிருந்து பட்டுப்புடவை மடிப்பில் ஒளித்து, கஸ்டம்ஸ்காரர் கண்ணில் மண்ணைத் தூவி நான் கொண்டுவந்த வெண்டை விதையும் அவரை விதையும் முளைத்து, பூத்து, முதல் பிஞ்சு விரல் நீளம் வளர்ந்த அன்று காலை வந்தது. ஒன்றல்ல, ஏழு. பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போல வரிசையாக நின்று தின்றன.

"இதுங்களைச் சுட்டுத் தொலைக்க இந்த ஊர்ல ஒருத்தனும் இல்லையா?" என்று ஜன்னலில் நின்று கத்தினேன்.

"காலங்கார்த்தால என்ன பேச்சு இது? நாம வெஜிடேரியன்" என்றார் கணவர்.

"நான் அதைத் திங்கறேன்னா சொன்னேன்? சுடணும்னுதான் சொன்னேன்."

இதில் அவருக்கு ஒரு முரண்பாடும் தெரியவில்லை, எனக்கும்தான். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிற குடும்பம் எங்களுடையது. அவர் வேலை பார்த்த மருந்துக் கம்பெனி லேபில் தினமும் எத்தனை எலி போகிறது என்று மட்டும் நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு வருஷம். குழந்தை இல்லை. நான் சொல்லித் தெரிய வேண்டியதே இல்லை, நியூ ஜெர்சித் தமிழர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். பிஸ்கட்டவேயில் ஓர் ஆன்ட்டி இருந்தார். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் எந்த பாட்லக் விருந்தில் பார்த்தாலும் புளியோதரைத் தட்டோடு நேராக என்னிடம்தான் வருவார். "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" இல்லை என்றால், "ரெண்டு பேரும் செக்கப் பண்ணிண்டாச்சா? எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார், அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தரட்டுமா?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி ரகசியம் பேசுவார். மாமியார் ஏரோகிராமில் அரச மரத்தைச் சுற்றச் சொல்லி எழுதுவார். நியூ ஜெர்சியில் அரச மரத்துக்கு நான் எங்கே போவேன்? இந்தச் சமயங்களில் என் கணவர் என்ன செய்வார் தெரியுமா? சிரித்துக்கொண்டே தன் ஷூவைப் பார்ப்பார். ஏதோ பதில் அந்த ஷூவில் எழுதியிருப்பதுபோல. ஏழு வருஷமாக அவர் அதைப் படித்து முடிக்கவில்லை.

செப்டம்பரில் மூன்று வீடு தள்ளியிருந்த அமெரிக்கர் கதவைத் தட்டினார். ஐம்பது வயசிருக்கும், ஸ்கூல் பஸ் ரிப்பேர் செய்கிறவர். கையில் ஒரு காகிதம். வேட்டை சீசன் வருகிறது, எங்கள் மரங்களில் ஒன்றில் பலகை கட்டி உட்கார்ந்து மான் அடிக்க அனுமதி வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் என்றால் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார். எதை வைத்து அடிப்பீர்கள் என்று கேட்டேன். வில், அம்பு என்றார். நிலாவுக்கு ஆள் அனுப்பிய தேசத்தில் மனிதர் வில்லோடு நிற்கிறார்! ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டை கிடையாதாம். மான்களுக்கும் வாரம் ஒரு நாள் லீவு.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தோம். நான் காபி போட்டேன், முட்டைகூடத் தொடாத வீடு இது என்றும் சொல்லிவைத்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு நியாயஸ்தரை நான் பார்த்ததில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அடிக்கக் கூடாது என்றார். கொம்பு பெரிதாக இருக்கிறதென்று சுவரில் மாட்டுவதற்காக அடிப்பவன் வேட்டைக்காரனே அல்ல என்றார். ஓடுகிற மானை அடிக்கக் கூடாது, அடிபட்டு எங்கேயோ போய் இரண்டு நாள் துடித்துச் சாகும். குட்டியோடு வரும் தாயை அடிக்கவே கூடாது, அடித்தால் குட்டி குளிர்காலத்தைத் தாண்டாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு யோசிப்பதில்லை. என் கணவர் லேபில் செமினார் கேட்பதுபோல முழங்கையை மேஜையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் எதை அடிப்பீர்கள்?" என்று கேட்டார்.

வேட்டைக்காரர் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். சொல்லிவைத்தாற்போல ஏழும் நின்றுகொண்டிருந்தன. இரண்டு தாய், அவற்றின் பின்னால் ஆளுக்கு இரண்டு குட்டி. ஏழாவது கொஞ்சம் தள்ளி, இடது காது கிழிந்து, தனியாக. மற்றவை நடுப்பாத்தியில் தின்னும்போது அது ஓரத்தில்தான் நிற்கும். அதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

"அதைத்தான்" என்றார். "இரண்டு வருஷமாகக் கவனிக்கிறேன். குட்டி போடவே இல்லை. வயதாகிவிட்டது. சும்மா தின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அது போனால் யாருக்கும் நஷ்டமில்லை."

என் கையில் காபி டம்ளர். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல். குட்டியுள்ள மானைக் காட்டியிருந்தால் ஐயோ பாவம் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அதற்கு வழியில்லாதபடி அவ்வளவு யோசித்து வைத்திருந்தார் மனிதர்.

என் கணவர் தலையாட்டினார். "நியாயமாகத்தான் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதி எங்களுக்கு. அதை ஃப்ரிட்ஜ் கதவில் பிள்ளையார் மேக்னட்டின் கீழ் ஒட்டினார். அந்தத் தலையாட்டல் இருக்கிறதே, அது என் வயிற்றில் போய் விழுந்தது. ஏழு வருஷத்தில் ஆன்ட்டி சொன்னது, மாமியார் எழுதியது எதுவும் அப்படி விழவில்லை. காபியை நங்கென்று வைத்தேன். அது வேட்டைக்காரர் சட்டையில் தெறித்தது. மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அக்டோபரில் முதல் சனிக்கிழமை. விடிகிற நேரத்தில் அவர் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஜன்னலிலிருந்து அவர் தொப்பி தெரிந்தது. மான்கள் காட்டிலிருந்து மெதுவாக வந்தன. நான் ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்து, குக்கரில் துவரம்பருப்பை ஏற்றியிருந்தேன்.

எங்கள் குக்கர் ஊரிலிருந்து வந்தது. அது விசில் அடித்தால் தெருக்கோடியில் நாய் எழுந்து உட்காரும். முதல் விசிலில் ஏழும் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் மறைந்தன. மரத்தில் தொப்பி திரும்பி வீட்டைப் பார்த்தது. நான் இரண்டாவது விசிலும் விட்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் பருப்பு. வாரம் முழுக்க சாம்பார், கூட்டு, மறுபடி சாம்பார். "எதுக்கு இவ்ளோ பருப்பு? யாராவது வராங்களா?" என்றார் கணவர். "உடம்புக்கு நல்லது. சாப்பிடுங்க" என்றேன். மனிதர் சாப்பிட்டார். சாப்பாட்டில் கேள்வி கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

மூன்றாவது சனிக்கிழமை குக்கர் இரண்டு விசில் அடித்து ஓய்ந்ததும் பின்கதவு தட்டப்பட்டது. வேட்டைக்காரர் நின்றார். மூக்கு சிவந்து, புருவத்தில் பனி. கோபமாக இருந்தாலும் குரலைத் தூக்கவில்லை.

"மேம், காலை ஆறரை மணிக்கு அப்படி என்ன சமைக்கிறீர்கள்?"

"பருப்பு."

"மூன்று வாரமாகவா?"

"எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும்."

"மேம், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே. நான் வந்திருக்கவே மாட்டேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்துவிட்டது.

"நீங்கள் அன்றைக்கு ஒரு நியாயம் சொன்னீர்களே," என்றேன். ஆங்கிலம் எனக்கு அவ்வளவு வேகமாக வராது. அன்றைக்கு வந்தது. "குட்டி போடவில்லை, சும்மா தின்கிறது, போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று. எனக்கும் ஏழு வருஷமாகக் குழந்தை இல்லை. நானும் சும்மாதான் தின்கிறேன். என்னை எப்போது அடிக்கப் போகிறீர்கள்?"

அவர் தொப்பியைக் கழற்றினார். பாவம், அந்த ஆளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஏழு வருஷமாக நான் ஆன்ட்டியிடம் கேட்டிருக்க வேண்டியது, மாமியாருக்கு எழுதியிருக்க வேண்டியது, எல்லாவற்றையும் பஸ் ரிப்பேர் செய்கிற ஒருத்தர் தலையில் கொட்டிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை.

திரும்பினால் மாடிப்படியின் கடைசிப் படியில் என் கணவர். லுங்கி, ஸ்வெட்டர், வெறுங்கால். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். குனிந்து பார்ப்பதற்கு ஷூவும் இல்லை.

"அன்னிக்கு நான் தலையாட்டினேனே, அதுக்கா?" என்றார் தமிழில்.

"வேற எதுக்கு?"

"நான் மானைன்னுதான்..."

"நானும் மானைத்தான் சொல்றேன்."

படியிறங்கி சமையலறைக்குள் வந்தார். பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். வேட்டைக்காரரிடம் அவருடைய பிரதியையும் கேட்டார். அவர் கோட்டு உள்பையிலிருந்து எடுத்து நீட்டினார். கணவர் மேஜையில் உட்கார்ந்து, லேப் ரிப்போர்ட் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், கையெழுத்துக்குக் கீழே இரண்டிலும் ஒரு வரி எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

"இடது காது கிழிந்த, தனியாக வரும் பெட்டை மான் இந்த வீட்டைச் சேர்ந்தது. அதைத் தொடக் கூடாது."

"சார்," என்றார் வேட்டைக்காரர் தயங்கி, "சட்டப்படி மான்கள் எல்லாம் மாநில அரசுக்குச் சொந்தம்."

என் கணவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ஆளில்லாத தெருவில் ஸ்டாப் போர்டைப் பார்த்தால் காரை நிறுத்தி மூன்று எண்ணுகிறவர். லைப்ரரி புத்தகத்தை ஒரு நாள் முன்னாலேயே திருப்பிக் கொடுக்கிறவர்.

"இது மட்டும் அரசுக்குச் சொந்தமில்லை" என்றார்.

வேட்டைக்காரர் அந்த வரியை மறுபடி படித்தார். தன் பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பலகையை அன்றே கழற்றிக்கொண்டு போனார். அந்த சீசனில் வேறெங்கோ ஒரு கொம்பு மானை அடித்ததாகக் கேள்வி. அதற்கு என்ன நியாயம் வைத்திருந்தாரோ, நான் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாசலில் ஒரு டப்பா குக்கி வைத்துவிட்டுப் போனார். மேலே, முட்டை போடவில்லை என்று எழுதியிருந்தது.

அடுத்த ஜூலையில் அந்த மான் வந்தது. தனியாகத்தான். அந்த வருஷம் நான் பன்னிரண்டு வெண்டைச் செடி போட்டிருந்தேன். ஓரத்தில் நிற்கிற பழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு நடுப்பாத்தியில் நின்று, பன்னிரண்டையும் ஒரு இலை பாக்கியில்லாமல் தின்றது. நான் ஜன்னலைத் திறந்து கத்துவதற்கு வாயெடுத்தேன்.

பின்னால் காபி குடித்துக்கொண்டிருந்தவர், "சாப்பிடட்டும் விடு. நம்ம வீட்டு மான்தானே?" என்றார்.

அந்த வருஷமும் வெண்டைக்காயைக் கடையில்தான் வாங்கினேன்.