பத்மாவதி மேடத்தின் இனிஷியல்

நஞ்சன்கூட்டில் ஒரு சைட்டில் நின்றிருந்தபோது பத்மாவதி மேடத்தின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். ஹார்ட் அட்டாக்." கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று எனக்கு நினைவே இல்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. மேடம் கட்டடப் பொறியாளர். ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேஜைகளில் நெடுங்காலம் வேலை செய்தோம். அவர் கணக்குப் போட்டுக் கொடுத்த வீடுகள் இந்த ஊரில் ஏராளம். எந்த வரைபடத்திலும் அவர் பெயர் இல்லை.

காரணம் இதுதான். இங்கே வரைபடத்தில் கையெழுத்துப் போடப் பட்டம் மட்டும் போதாது. மாநகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்து லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்குப் பள்ளிச் சான்றிதழிலும் பட்டத்திலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். மைசூர்ப் பள்ளியில் இந்த ஊர் வழக்கப்படி, ஊருக்கு ஓர் எழுத்து அப்பாவுக்கு ஓர் எழுத்து என்று 'எம்.கே. பத்மாவதி'. சேலத்துக் கல்லூரியில் அப்பா போதும் என்று 'கே. பத்மாவதி' ஆக்கிவிட்டார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே ஆள்னு நாங்க எப்படி ஒத்துக்கறது? ஆகல்ல மேடம், முடியாது" என்றது அலுவலகம். நோட்டரியிடம் எழுதி வாங்கிக் கொடுத்தார். கல்லூரியே திருத்தித் தரட்டும் என்றார்கள். கல்லூரியோ, எங்கள் வழக்கம் இதுதான் என்று கையை விரித்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் நாற்காலியில் வேறு ஆள். மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் சிரித்தார். "சேலத்துல என் ஊரை இறக்கி விட்டாங்க. இங்க என்னையே இறக்கி விட்டுட்டாங்கப்பா."

ஒருநாள் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. அவர் கணக்குப் போட்ட வீடு ஒன்றில், கார் நிறுத்த இடைஞ்சல் என்று உரிமையாளர் ஒரு தூணையே எடுத்துவிட்டார். மேடம் கான்கிரீட் போடவிடாமல் போய் நின்றார். "சும்னே தேவையில்லாம தொந்தரவு பண்ணாதீங்க. பிளான்ல உங்க கையெழுத்தா இருக்கு?" என்று உரிமையாளர் கேட்டார். கையெழுத்துப் போட்டிருந்த எங்கள் முதலாளி வாயே திறக்கவில்லை. கான்கிரீட் போட்டாயிற்று. அந்த வீட்டில் இப்போது குழந்தைகள் இருக்கிறார்கள்.

அன்று மேஜையில் உட்கார்ந்து அழுதார். "லைசென்ஸ் இருந்திருந்தா நிறுத்தியிருப்பேன். இப்ப நான் யாரு? வழியில போற பொம்பளை." மறுபடி விண்ணப்பித்தார். போன மாதம் வரை அலைந்தார்.

இறப்பைப் பதிவு செய்யத் தம்பியுடன் அதே மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் கே. பத்மாவதி, ஆதாரில் எம்.கே. பத்மாவதி. இதற்கும் அலைய விடுவார்களோ என்று பயந்துகொண்டே தம்பி நீட்டினார். எழுத்தர் இரண்டையும் பார்த்தார்.

"எதை எழுதட்டும் சார்? ஏதோ ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும் ஒரே ஆள்தானே."

வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு எம்.கே. என்று எழுதச் சொன்னேன். எழுதினார். வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போய் வாருங்கள், மேடம். இந்த ஊரில் நீங்கள் ஒரே ஆள்தான் என்று முத்திரை குத்தியாயிற்று.