இருபத்திரண்டு புள்ளி ஒன்று

வெல்கோவின் பட்டறைக் கதவில் ஒரு தகரப் பலகை தொங்கியது. ‘என்ன சத்தம் வருகிறது என்று சொல். என்ன மாற்ற வேண்டும் என்று சொல்லாதே.’ அவரே பெயிண்ட் தொட்டு எழுதியது. ரோடோப் மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஊரில் பிரேக் வேலைக்கு அவரைப் போல் ஆள் கிடையாது. அவரிடம் போய்த் திட்டு வாங்காமல் திரும்பியவர்களும் கிடையாது.

இளவயதில் அரசு பேருந்துப் பணிமனையில் வேலை. பழுதான பேருந்துகளை ஓடத் தகுதியானவை என்று தாளில் கையெழுத்துப் போட மறுத்து இரண்டு முறை பதவி இறக்கப்பட்டார். ‘ஒத்துழைக்காதவர்’ என்று அவருடைய கோப்பில் எழுதினார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். அங்கே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த பென்காவைக் கல்யாணம் செய்துகொண்டார். பணிமனை மூடப்பட்டதும் சொந்தப் பட்டறை. கல்லாவிலும் தொலைபேசியிலும் பென்கா இருந்தாள். பத்தொன்பது வருஷ வாழ்க்கைக்குப் பிறகு ஒருநாள் இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு ரங்கெல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ரங்கெல் அவரைவிட ஒன்பது வயது இளையவன். வேன் வைத்திருந்தான். திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் ரத்தச் சுத்திகரிப்புக்காகச் சிறுநீரக நோயாளிகள் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, கணவாய் வழியாக பிளோவ்டிவ் நகரத்துக்கு இறங்குவான். அவர்களைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்க பென்காவும் கூடவே போவாள். அவள் போன நாளிலிருந்து பதினொரு வருஷமாக இரண்டு ஆண்களும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வேன் பட்டறை வாசலில் வந்து நின்றது. வழக்கமாக ரங்கெல் போகும் பட்டறைக்காரன் கையை உடைத்துக்கொண்டு கிடந்தான். வேன் பிரேக்கோ, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் தேய்ந்தால் உரசிக் காட்டிக்கொடுக்கும் தகட்டின் கீச்சுக் குரலில் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தது.

“பேட் மட்டும் மாத்து. டிஸ்க்கை நானே அளந்துட்டேன். இருபத்து மூணு மில்லி கனம் இருக்கு” என்றான் ரங்கெல், வண்டியை விட்டு இறங்காமலே.

“வெளிய பலகை தொங்குது. படிச்சியா?”

“படிக்கிறதுக்கு அது என்ன வேதப்புத்தகமா?”

வெல்கோ வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். பேட் இரண்டு மில்லிக்கு வந்துவிட்டிருந்தது. அதில் வாதத்துக்கு இடமில்லை. டிஸ்க்கின் முகத்தில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி நின்றது. ரங்கெல் தன் அளவுகோலை அந்த வரப்பின் மேல் வைத்து அளந்திருக்கிறான். வெல்கோ மைக்ரோமீட்டரின் முனைகளை வரப்புக்கு உள்ளே தள்ளி, சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தார். இருபத்திரண்டு புள்ளி ஒன்று. இருபத்திரண்டுக்குக் கீழே போனால் ஓட்டக்கூடாது என்று டிஸ்க்கிலேயே பொறித்திருந்தது.

“எதுல அளந்த? ரொட்டி வெட்டுற கத்தியிலயா? இருபத்திரண்டு புள்ளி ஒண்ணுதான் இருக்கு. டிஸ்க்கும் மாத்தணும்.”

“இருபத்திரண்டுக்கு மேலதானே இருக்கு? அப்ப பேடைப் போடு.”

“போட முடியாது.”

“போன வாரம் மாட்டு டாக்டர் வண்டிக்கும் இதே அளவுதானாமே. பேட் மட்டும் போட்டு, வசந்தகாலத்துல வாங்கன்னு அனுப்பி வச்ச. காபிக் கடையில அவரே சொன்னாரு.”

அது உண்மை. வெல்கோவுக்கு முகம் சுட்டது.

“அவரு வண்டி வேற.”

“அவரு பொண்டாட்டி வேற. அதைச் சொல்லுய்யா.”

ஸ்பேனர் தரையில் விழுந்து அதிர்ந்தது. வெல்கோ பழைய பேடையே திருப்பி வைத்துச் சக்கரத்தை முடுக்கி வண்டியைக் கீழே இறக்கினார். “வெளிய போ. எவன்கிட்ட வேணா போய் மாட்டிக்க.”

“பதினொரு வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்த?” என்று கத்திவிட்டு ரங்கெல் கிளம்பினான். கீச்சுச் சத்தம் வளைவு திரும்பும் வரை கேட்டது.

மத்தியானம் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். தேய்ந்த பேடோடு ஒரு வண்டியை வெளியே அனுப்பியது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இன்னொன்றும் குடைந்தது. ரங்கெல் இடத்தில் வேறு எவனாவது வந்திருந்தால் பேடைப் போட்டுக் கொடுத்திருப்பேனா? வேண்டாம் என்று சொன்னது கையிலிருந்த கருவியா, வயிற்றில் இருந்த எரிச்சலா? யோசிக்க யோசிக்க இரண்டும் பின்னிக்கொண்டன. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு நடந்தார்.

பென்கா முற்றத்தில் துணி விரித்துக் காய்ந்த பீன்ஸை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் எழுந்திருக்கவில்லை.

“நாயை அவிழ்த்து விட்டிருக்கேன். உள்ள வராத.”

“வரலை. உன் புருஷன் வண்டி—”

“வந்து சொல்லிட்டான். நீ பழி வாங்குறியாம்.”

“பழி வாங்கணும்னா பேடைப் போட்டுக் குடுத்திருப்பேனே.”

அவள் கை நின்றது. பல வருஷம் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தவள். “எவ்வளவு இருக்கு?” என்றாள்.

“இருபத்திரண்டு புள்ளி ஒண்ணு.”

“அது ஓடுற அளவுதானே? மாட்டு டாக்டரை அனுப்பினியே.”

“அவரு தொழுவத்துக்கும் சந்தைக்கும் ஓட்டுறாரு. ஊருக்குள்ள. உன் ஆளு எட்டுப் பேரை ஏத்திக்கிட்டு முப்பது கிலோமீட்டர் இறக்கத்துல பிரேக் மேலயே காலை வச்சுக்கிட்டு இறங்குறான். டிஸ்க் நீலம் பாய்ஞ்சு கிடக்கு. மெலிசான டிஸ்க் அந்தச் சூட்டை வாங்காது. சூடு உள்ள போய் பிரேக் எண்ணெய் கொதிச்சா, மிதிக்கிற கட்டை தரையைத் தொடும், வண்டி நிக்காது. இப்ப புதுப் பேட் போட்டா, அந்தப் பேட் பாதி தேயறதுக்குள்ள டிஸ்க் இருபத்திரண்டுக்குக் கீழ போயிடும். அது எப்ப? ஜனவரியில. பனியில. ரெண்டையும் சேர்த்து மாத்தறதுதான் சரி.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது சரிதான் என்று அவருக்கே நிச்சயமாயிற்று.

“இதையெல்லாம் அவன்கிட்ட சொன்னியா?”

வெல்கோ நாயைப் பார்த்தார்.

“என்னதான் சொன்ன?”

“வெளிய போன்னு சொன்னேன்.”

“எனக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்த. போயிட்டேன்” என்றாள் பென்கா. “தள்ளி நில்லு. பீன்ஸ் மேல நிழல் விழுது.”

மறுநாள் அவள் வேனில் ஏற மறுத்துவிட்டாள். நகராட்சியிடம் சண்டை போட்டு வேறு வண்டி வரவழைத்து, நோயாளிகளை அதில் கூட்டிப்போனாள். கூடவே போன ரங்கெல் பிளோவ்டிவில் புது டிஸ்க்கும் பேடும் வாங்கி வந்தான். வியாழக்கிழமை காலையில் பெட்டிகளை வெல்கோவின் மேஜைமேல் பொத்தென்று போட்டான்.

“உன் பேச்சைக் கேட்டு வாங்கலை. அவ ஏற மாட்டேங்கிறா.”

வெல்கோ பெட்டியைப் பிரித்து அளவு பார்த்தார். குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. டிஸ்க்கில் பூசியிருந்த காப்பு எண்ணெயைத் துடைத்து, அது உட்காரும் இடத்தின் துருவைச் சுரண்டி, இரண்டு பக்கமும் மாட்டினார். பிறகு, கேட்காமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“நீ எங்க வர?”

“புதுசு ஒண்ணோட ஒண்ணு பழகணும். பழக்காம மலை இறங்கினா போட்டதெல்லாம் வீண். ஓட்டு.”

ஆளில்லாத சாலையில் சமதளமான இடமாகப் பார்த்துப் போனார்கள்.

“அறுபது போ. இப்ப மிதி. நிறுத்தாத! பத்துக்கு வந்ததும் விடு. ஆற விட்டு, மறுபடி.”

“எனக்கு ஓட்டத் தெரியும்.”

“தெரிஞ்சிருந்தா டிஸ்க் நீலமாகியிருக்காது. கியரைக் குறைச்சு இறங்கப் பழகு.”

இப்படி ஏழெட்டு தடவை. தூறல் போட ஆரம்பித்தது. ஒன்பதாவது தடவை வேகம் பிடிக்கும்போது ரங்கெல் சாலையைப் பார்த்தபடியே சொன்னான்:

“அவ உன்னைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல, தெரியுமா? நல்லதாவும் இல்ல, கெட்டதாவும் இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கூட இல்ல.”

“வண்டியை நிறுத்து.”

“நிறுத்தாதன்னு நீதானே—”

“நிறுத்துய்யா!”

ரங்கெல் ஆத்திரத்தோடு மிதித்தான். வேன் எந்தப் பக்கமும் இழுக்காமல், நடுக்கமில்லாமல், கோடு போட்ட மாதிரி நின்றது. வெல்கோ இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். ரங்கெல் திரும்பக் கூப்பிடவில்லை. வண்டியைத் திருப்பி, அவரைக் கடந்து, சேற்றை வாரித் தெளித்துவிட்டுப் போனான்.

ஊருக்கு ஏழு கிலோமீட்டர் நடை. மரம் ஏற்றி வந்த லாரிக்காரன் ஒருவன் நிறுத்திக் கேட்டான். கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார். காலணிக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு வார்த்தை கூடவா பேசவில்லை என்பதையே மென்றுகொண்டு நடந்தார். திட்டியிருந்தாலாவது தேவலை. நடுநடுவே வண்டி நின்ற விதம் ஞாபகத்துக்கு வந்து மனசுக்கு இதமாக இருந்தது. அந்தப் பயலின் வண்டி நின்றதற்கா இந்தச் சந்தோஷம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ரங்கெல் காபிக் கடையில் கிழவனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று சொல்லித் திரிந்தான். ஆனால் அந்த ஜனவரியிலும் பிறகும் வேன் ஒழுங்காக இறங்கி ஒழுங்காக ஏறியது. அடுத்த இலையுதிர்காலத்தில், பழைய பட்டறைக்காரனின் கை குணமான பிறகும், ரங்கெல் வெல்கோவிடம்தான் வந்தான். முறைத்துக்கொண்டே வந்தான், முறைத்துக்கொண்டே போனான். கடைத்தெருவில் எதிரே வந்தால் பென்கா முன்பு போலவே அவரைப் பார்க்காமல் கடந்தாள்.

பட்டறையில் ஒரு மாற்றம் மட்டும் நடந்தது. ஏன் மாற்ற வேண்டும், ஏன் இப்போது வேண்டாம் என்று வெல்கோ வருகிறவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். அதே குரல்தான். முன்பு ஒரு நிமிடத்தில் முடிந்த திட்டு இப்போது கால் மணி நேரம் பிடிக்கிறது என்று ஊரில் அலுத்துக்கொண்டார்கள்.

பனி விலகிய அந்த முதல் வசந்தகாலத்திலேயே மாட்டு டாக்டர் சொன்னபடி வந்திருந்தார். வெல்கோ அளந்து பார்த்துவிட்டு, மலை இறங்குகிற உத்தேசம் உண்டா, சுமை எவ்வளவு என்றெல்லாம் குறுக்கு விசாரணை செய்து, இரண்டு டிஸ்க்கையும் மாற்றினார். டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்:

“ரங்கெலோட இப்ப சமாதானமாமே?”

“வாயை மூடிக்கிட்டு பிரேக்கை மிதிங்க” என்றார் வெல்கோ.