பச்சைக் குங்குமம்

சேக்காட்டில் திருமுருகனைத் தெரியாதவர்கள் கிடையாது. மதிக்கிறவர்களைத்தான் தேட வேண்டும். அப்பா விட்டுப்போன நிலத்தை மனை மனையாக விற்றுத் தின்றுகொண்டு, ஐம்பத்தெட்டு வயதுவரை அவர் செய்த ஒரே வேலை, சிவப்புக் கரை வேட்டி கட்டிக்கொண்டு கட்சி மேடைக்குக் கீழே நிற்பது. முப்பது வருடத்தில் ஒருத்தரும் மேலே ஏறச் சொல்லவில்லை. போன ஆனியில் பச்சைக் கரைக்குத் தாவினார். "அவங்க கொள்கை புடிச்சிகீது" என்றார். மனைவி கோமளாவுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாத கொள்கையா?

புதுக் கட்சியில் வட்டச் செயலாளர் பதவி காலியாக இருந்தது. மாவட்டச் செயலாளர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அவரை வரவேற்கக் குடும்பத்தோடு ஒரு பேனர் வேண்டும். இருந்த படமோ மகள் கல்யாணத்தில் எடுத்தது; அதில் வேட்டிக் கரையும் தோள் துண்டும் சிவப்பு. புதிதாக ஒரு படம் எடுத்தால் ஆயிற்று. ஆனால் கல்யாணப் படத்தில்தான் தொப்பை தெரியவில்லையாம்.

கரையான்சாவடி பிளெக்ஸ் கடையில் படங்களைத் திருத்துகிற ஜெகதீஷ், "கரைய மட்டும் தனியா செலக்ட் பண்ணணும்ணே, ரெண்டு மணி நேரம் ஆவும்" என்றான்.

"அதெல்லாம் வேணாம்பா. செவப்பு எங்கெங்க கீதோ, அல்லாத்தையும் பச்சையாக்கு. ஒரு பொட்டு செவப்பு கண்ல படக்கூடாது."

அவனுக்கென்ன வந்தது? சொன்னபடி மாற்றிக் கொடுத்தான். திருமுருகன் கம்ப்யூட்டரில் தன் வேட்டியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், "சூப்பர் மாமே" என்று கிளம்பினார். பக்கத்தில் நிற்கிற மனைவியைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

ஞாயிறு காலை பால் வாங்கப் போன கோமளா, தெருமுனையில் இருபதடி உயரத்தில் தன்னைக் கண்டாள். நெற்றியில் பச்சைக் குங்குமம். வகிட்டிலும் பச்சை. வெற்றிலை போட்ட வாய்கூடப் பச்சை. பாசி பிடித்த தொட்டி மாதிரி இருந்தாள். பால் பூத்தில் நின்றவர்கள் இவளைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு மாவட்டச் செயலாளர் ஏழு காரோடு வந்து இறங்கினார். கூடத்தில் உட்கார்ந்ததும், "பேனரப் பாத்தேன்யா! குங்குமத்தையே நம்ம கலர்ல வச்சிருக்காங்கன்னா, அந்தம்மாதான் உண்மையான விசுவாசி. கூப்பிடு, சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம். பதவி உனக்குத்தான்" என்றார்.

அப்போதுதான் திருமுருகனுக்கு விஷயமே தெரிந்தது. விழுந்தடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். கோமளாவின் நெற்றியில் என்றும்போல் சிவப்புக் குங்குமம். அலமாரியிலிருந்து பச்சைக் கோலப்பொடியை ஒரு பிடி அள்ளினார்.

"கோமளா, அத அழிச்சிட்டு இத வெச்சிகினு வா. அஞ்சே நிமிசம். என் மானமே உன் நெத்திலதான் கீது."

காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த ஆளுக்குக் கோபமே தண்டம் என்று தோன்றியது.

"நீ போய்ச் சேந்தாதான்யா நான் இத அழிக்கணும். உசிரு வேணுமா, பதவி வேணுமா? நீயே சொல்லு."

கூடத்தில் மாவட்டச் செயலாளர் கனைத்தார். திருமுருகன் கோலப்பொடியும் கையுமாக நின்று, நிஜமாகவே யோசித்தார்.