மீன்களோடு நிறுத்தப்பட்ட நன்றி

எங்கள் சங்கத் தலைவர் பொய் எழுதியிருக்கிறார். கோடை விழாவைப் பற்றிச் சென்ற மாதம் இதே பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், "பூர்வகுடி விருந்தினர் தமது நன்றியுரையை நிறைவு செய்து மகிழ்வுடன் விடைபெற்றார்" என்கிறார். விருந்தினர் நிறைவு செய்யவில்லை. மகிழ்வுடனும் போகவில்லை. அவர் பேசத் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் தலைவர் முன்வரிசையில் இருந்தபடி தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அறிவிப்பாளராக நின்ற நான் போய் மைக்கை வாங்கி, அடுத்தது நடனம் என்று அறிவித்தேன். சைகை அவருடையது, கை என்னுடையது. என் பங்கை நான் மறைக்கவில்லை. அவர் தன் பங்கை மறைத்துவிட்டார்.

அந்த விருந்தினரின் பெயர் ரே. கனடாவின் பூர்வகுடிகளில் மோஹோக் இனத்தவர். அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். நாலு வருடமாக மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவருக்கும் ஒரே மேசை. அவருடைய ஆட்கள் எந்தக் கூட்டத்தையும் நன்றியோடுதான் தொடங்குவார்கள். ஒருவர் எழுந்து, உலகத்தில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் வரிசையாக நன்றி சொல்வார். அதை எங்கள் விழாவில் வந்து சொல்லும்படி கேட்டவன் நான். விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

ஏழு கிழமை, ஏறக்குறைய இரண்டு மாதம், பொறுத்தேன். பிறகு அந்த மேசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"சனிக்கிழமை எங்கடை ஆக்கள் கூடுகினம். வந்து முழுக்கக் கேள். பிறகு கதைப்பம்."

அதற்குத்தான் இந்தப் பயணம். தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒக்டோபர் மாதம்.

காலை 9.40. மோர்னிங்சைட்டில் பஸ் ஏறினேன். கட்டணம் இரண்டு டொலர். போகவேண்டிய இடம் நகரத்தின் மேற்குப் பக்கம், ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். ரொறன்ரோவுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. குடிவரவு வழக்குக்குக் காரில் போன இரண்டு நாளைத் தவிர, நகரத்தை இரண்டாகப் பிரிக்கும் யங் வீதிக்கு மேற்கே நான் கால் வைத்ததில்லை. வேலை, வீடு, தமிழ்க்கடை, விழா மண்டபம், எல்லாமே கிழக்குப் பக்கத்து ஸ்காபரோவுக்குள் முடிந்துவிடும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்கும் இருக்கவேண்டும்.

பஸ்ஸில் கனகம் அன்ரி இருந்தார். எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடி. விழாவன்று மூன்றாம் வரிசையில் இருந்தவர்.

"என்ன தம்பி, கழுத்திலை ரையெல்லாம் கட்டி? பொம்பிளை பாக்கப் போறீரோ?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் பையிலிருந்து கையை எடுத்து என்னைச் சுட்டினார்.

"நீர்தானே மைக்கைப் பறிச்சனீர்! பாவம் அந்த மனிசன். தண்ணிக்கு நன்றி சொன்னவர், மீனுக்குச் சொல்லிக்கொண்டு நிண்டவர். நான் வடிவாக் கேட்டுக்கொண்டிருந்தனான்."

"தலைவர்தான் அன்ரி நேரம் போகுது எண்டு காட்டினவர்."

"அவர் காட்டினா? அவர் தான் மட்டும் நாப்பது நிமிசம் பேசினவர். அதுக்கு ஒருத்தரும் மணிக்கூட்டைக் காட்டேல்லையே. போய்க் காலிலை விழும்."

கெனடி நிலையத்தில் அவர் இறங்கிச் சந்தைக்குப் போனார். நான் சப்வே ஏறினேன்.

10.50 இருக்கும். சுரங்கத்துக்குள் ஓடிய ரயில் திடீரென்று வெளிச்சத்துக்கு வந்து, மிக உயரமான பாலம் ஒன்றில் ஏறியது. கீழே டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. மரம் எல்லாம் சிவப்பு, மஞ்சள், செம்மண் நிறம். நான் எழுந்து கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பத்திரிகையை விட்டு நிமிரவில்லை. தினமும் பார்ப்பவர்கள் போலும். ஒன்பது வருடம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன், இந்த ஊருக்குள் ஆறு ஓடுகிறது என்பதை நினைத்துப் பார்த்ததில்லை! பாலம் முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வரும்போது மற்றப் பக்கத்து இருக்கையில் இருந்து பார்க்கவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

டன்டாஸ் வெஸ்ட் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிட நடை. ஒரு பழைய தேவாலயத்தின் கீழ் மண்டபத்தை அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். படியிறங்கும்போதே வெந்த சோளத்தின் வாசம். எண்பது பேர் வரை இருந்தார்கள். நீள மேசையில் சோளச் சூப், அவரைக்கொட்டை, பூசணிக்காய், வாட்டிய மீன், எல்லாம் ஆவி பறக்க இருந்தன. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது என் பிழை.

ரே என்னைக் கண்டார். தலையை அசைத்தார், அவ்வளவுதான். சிரிக்கவில்லை.

12.10. எல்லோரும் வட்டமாக எழுந்து நின்றார்கள். ரே நடுவில் வந்தார். மேடை இல்லை, மைக் இல்லை, கையில் கடதாசி இல்லை. முதலில் தன் மொழியில் சொன்னார், பிறகு ஆங்கிலத்தில். இங்கே கூடியிருக்கும் மனிதர்களுக்கு நன்றி. நாங்கள் சுகமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி. ஒவ்வொரு பகுதியும் முடியும்போது, இப்போது எங்கள் மனங்கள் ஒன்றாகிவிட்டன என்ற கருத்தில் ஒரு வரி வரும். உடனே சுற்றி நிற்பவர்கள் தொண்டைக்குள்ளிருந்து ஆமோதித்து ஓமென்று ஒரு குரல் கொடுப்பார்கள். முதற் பகுதி முடிந்ததும் நான் பலமாகக் கைதட்டினேன். எங்கள் பழக்கம் அதுதானே. மண்டபத்தில் என் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற பெண்மணி வாயைப் பொத்திச் சிரித்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பிறகு பூமி. பிறகு தண்ணீர். பிறகு மீன்கள்.

என் காது சுட்டது. இந்த இடத்தில்தான் நான் மைக்கை வாங்கினேன். ரே என் பக்கம் பார்க்கவில்லை. மீன்கள் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கின்றன, தங்களையே எங்களுக்கு உணவாகவும் தருகின்றன என்று சொல்லி முடித்தார். எல்லோரும் குரல் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்குப் புதிது.

செடிகள். பயிர்கள். மருந்து மூலிகைகள். மிருகங்கள். மரங்கள். பறவைகள். நான்கு திசைக் காற்றுகள். மழையைக் கொண்டுவரும் இடிமுழக்கங்களைத் தாத்தாமார் என்றார். சூரியனை அண்ணன் என்றார். நிலவைப் பாட்டி என்றார். இடிக்கு நன்றி சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் என்பதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏதாவது வேண்டும் என்று அவர் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. நான் கோயிலுக்குப் போனால் ஒரு பட்டியலோடு போவேன். விசா, வீடு, தம்பியின் ஸ்பொன்சர், முழங்கால் வலி. இங்கே ஒரு மனிதன் முப்பத்தைந்து நிமிடம் பேசுகிறான், தந்ததை மட்டும் சொல்கிறான், அதுவே முடியவில்லை. சூப்பின் ஆவி அடங்கிவிட்டது. ஒருவரும் மேசைப் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் நட்சத்திரங்கள், வழிகாட்டியவர்கள், படைத்தவர். பிறகு, தான் சொல்ல மறந்தது ஏதும் இருந்தால் அவரவர் தங்கள் மனத்தில் சொல்லிக்கொள்ளும்படி கேட்டு முடித்தார். நான் கனகம் அன்ரிக்கு நன்றி சொன்னேன்.

ஆறிய சூப்பை இரண்டு கோப்பை குடித்தேன். ரே தட்டோடு வந்து என் முன்னால் இருந்தார். ஏழு கிழமைக்குப் பிறகு ஒரே மேசை.

"கை தட்டினது நீயோ?"

"ஓம். மன்னிச்சுக்கொள்."

"பரவாயில்லை. நான் பாட்டுப் பாடினதா நினைச்சிட்டாய்." இப்போது சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நீ என்னை மறிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லை. என்னைத் தினமும் ஆரோ ஒருத்தர் மறிக்கிறார். அண்டைக்கு அத்தினை சனத்தையும் மீன் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் நடுவழியிலை இறக்கி விட்டனான். சூரியனுக்கு ஒருத்தரும் நன்றி சொல்லேல்லை. உது எனக்கு ரெண்டு மாசமா உறுத்துது."

"திரும்ப வந்து சொல்லுவியோ?"

"முதல்லை விட்டா வருவன். முழுக்க விட்டா வருவன். இடையிலை செருகிறதெண்டா வரமாட்டன். உங்கடை விழாவிலை நன்றியை எப்ப சொல்லுறனீங்கள்?"

நான் உண்மையைச் சொன்னேன். எங்கள் நிகழ்ச்சி நிரலில் நன்றியுரை கடைசி. அந்த நேரம் பாதிச் சனம் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். மண்டபக்காரன் கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருப்பான். சங்கத்தில் ஆக இளையவர் ஒருவர், ஒலிபெருக்கி தந்தவருக்கும் மண்டபம் தந்தவருக்கும் நன்றி சொல்வது ஒருவருக்கும் கேட்காது.

ரே கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

மாலை 4.15க்குத் திரும்ப ரயில் ஏறினேன். சொன்னபடி மற்றப் பக்கத்தில் இருந்தேன். பாலம் வந்ததும் எழுந்து நின்று, கீழே ஓடும் ஆற்றுக்கு வாய்விட்டு நன்றி சொன்னேன். ஒரு வெள்ளைக்காரர் இருக்கை மாறி இருந்தார். இருக்கட்டும்.

தலைவர் அவர்களே, தை மாதம் எங்கள் சங்கம் பொங்கல் விழா வைக்கப் போகிறது. சூரியனுக்கு நன்றி சொல்லும் விழா என்று அழைப்பிதழில் நீங்களே அச்சடிப்பீர்கள். அந்த விழாவில் ரே முதலாவதாகப் பேசுவாரா, முழுவதும் பேசுவாரா? கோடை விழாவில் அவரை நிறுத்தச் சொன்னது நீங்கள்தானா, இல்லையா? எனக்கு ரெலிபோன் எடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டாம். கோயில் வாசலில் தோளில் கைபோடவும் வேண்டாம். பொய்யை எந்தப் பத்திரிகையில் எழுதினீர்களோ அதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, இரண்டு கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.