தொடர்பு நீக்கப்பட்டது

குற்றச்சாட்டு இதுதான்: மார்ச் பதினான்காம் தேதி மாலை, விளையாட்டு நிறுவனமொன்றின் உதவிப் பிரிவு, கேட்ட கேள்வியைப் படிக்காமலேயே விடை சொல்லி, ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மகளும் சேர்ந்து கட்டிய வீட்டை அவர் கையாலேயே அழிக்க வைத்தது.

மெக்கானிக்குக் கம்பெனியில் ரசமட்டம் என்று பெயர். தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்தக் கருவி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். மேலாளரின் மேசையைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. மின்சுற்று வரைபடங்களைத் தாமே படித்துத் தேறியவர். பழுது என்று வந்தால் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை விடமாட்டார். மனைவி பிரிந்துபோனபோதும், பழுது எங்கே என்றுதான் கேட்டார். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தன் தொலைபேசி எண்ணை அப்பாவுக்குத் தரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் மட்டும் சேர்த்துக்கொண்டாள். கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு. மாலையில் இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டுவார்கள். கட்டையோடு கட்டையாகப் பேச்சும் வரும். அவள் குரல் அவருக்குக் கிடைக்க வேறு வழியே கிடையாது.

ஒருநாள் அவள் மாடிக்குப் படி வைத்தாள். அது வளைந்து எங்கோ போய், யோசித்துவிட்டு வந்ததுபோல் திரும்பியது.

“எப்படிப்பா இருக்கு?”

“கோணலா இருக்கும்மா.”

“கோணலாத்தான் இருக்கணும். ஏறும்போது குளம் தெரியணும்ல.”

“ம்.”

அவள் போன பிறகு அதைப் பிடுங்கிவிட்டு நூல் பிடித்தாற்போல் நேராக வைத்தார். மறுநாள் வந்து பார்த்தாள். ஒருமுறை ஏறி இறங்கினாள். குளம் தெரியவில்லை.

“நேரா இருக்குப்பா” என்றாள்.

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாலை திரையில் ஒரு சிவப்பு வரி நின்றது: ‘தொடர்பு நீக்கப்பட்டது.’ மகளின் பெயர் இருந்த இடம் காலி.

மோடத்தை அணைத்துப் போட்டார். கேபிளை மாற்றினார். ஃபயர்வாலைத் தளர்த்தினார். இன்டர்நெட் இணைப்புக்காரரை வரவழைத்தார், அவர் தம் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, “லைன் ஜம்முனு இருக்கு அண்ணே. உங்க மூஞ்சிலதான் சிக்னல் இல்ல” என்று சொல்லிப் படியிறங்கினார்.

சிவப்பு வரியைப் படமெடுத்து உதவிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு அழைத்தார். எடுத்தவன் படத்தைத் திறந்ததாகவே தெரியவில்லை. பின்னால் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“தொடர்பு போயிடுச்சுன்னா அது உங்க பக்கப் பிரச்சினை சார். எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போடுங்க.”

“உள்ளே எங்க வீடு இருக்கு தம்பி.”

“வீடு எங்ககிட்ட பத்திரமா இருக்கும். தைரியமா அழிங்க சார்.”

அழித்தார். மறுபடி இறக்கிப் போட்டார். விளையாட்டு கனகச்சிதமாகத் திறந்தது. உள்ளே வெறும் புல்வெளி, குளமும் இல்லை. வீடு இருந்தது அவருடைய கணினியில் மட்டும்தான். சிவப்பு வரி மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது.

உடன் வசிக்கும் அக்கா, அச்சகத்தில் பிழை திருத்துபவர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“ஏண்டா, லைன் இல்லேன்னா இவ்வளவு புல்லும் எந்த வழியா வந்து இறங்குச்சு? மொழியை இங்கிலீஷுக்கு மாத்து பாப்போம்.”

மாற்றினார். கனெக்‌ஷன் என்று இல்லை. காண்டாக்ட் என்று இருந்தது. தமிழாக்கியவர் இரண்டுக்கும் தொடர்பு என்றே போட்டு வேலையை முடித்திருந்தார்.

“இது ஒயர் சமாச்சாரம் இல்லடா. ஆள் சமாச்சாரம். உன் பொண்ணு உன்னை லிஸ்டுலேர்ந்து எடுத்துட்டா.”

“மெஷின் தப்பா எடுத்திருக்கும்.”

“நீ பெருமையா சொன்னியே, அந்தப் படியை அப்படியே விட்டிருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?”

“கோணலா இருந்துச்சுக்கா.”

அக்கா அவரைப் பார்த்தார். பிழை என்று தெரிந்தும் அச்சேறிவிட்ட பக்கத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் நிறுவனத்திடமிருந்து வந்த மின்னஞ்சலில், தங்கள் சிக்கல் தீர்ந்ததில் மகிழ்ச்சி என்றிருந்தது. அதைத் தாளில் அச்செடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டு, ரசமட்டம் பதில் எழுத உட்கார்ந்தார். அழிந்த வீட்டைப் பற்றி எழுதினார். ஒரே சொல்லை இரண்டு பொருளில் வைத்ததைப் பற்றி எழுதினார். பிறகு, ‘என்னை நீக்கியது தங்கள் இயந்திரக் கோளாறா, அல்லது என் மகளா என்பதை’ என்று தொடங்கினார். படித்துப் பார்த்தார். வாக்கியம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பிடுங்கிவிட்டு நேராக வைத்தார்:

‘என்னை நீக்கியது தங்கள் இயந்திரக் கோளாறே என்பதை, நிறுவன முத்திரையுடன், எழுத்து மூலம் உறுதிப்படுத்துமாறு கோருகிறேன்.’