ஃபியொரென்ஸாவின் பின் பிரேக்

அடெல்மோ ரெப்பெட்டோவுக்கு அறுபத்தொன்று நடந்துகொண்டிருந்தது. ஜெனோவாவில், பிசாஞ்ஞோ ஆற்றோரம் இருந்த எங்கள் வாகனச் சோதனை நிலையத்தில் இருபத்தாறு வருடமாக அவர்தான் ஸ்கூட்டர்களைப் பார்ப்பவர். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவர் சொல்லும் எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. பதினோரு வருடத்தில் அவருடைய முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

எங்கள் ஊரில் வீடு மலைமேல் இருக்கும், வேலை கடலோரம் இருக்கும். நடுவே கார் திரும்ப முடியாத சரிவுகள். ஆகவே பாதிரியார் முதல் பால்காரர் வரை எல்லோரிடமும் ஒரு ஸ்கூட்டர் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அது எங்கள் வாசலுக்கு வந்தாக வேண்டும்.

ரெப்பெட்டோ சோதிக்கும் வரிசை மாறவே மாறாது. முதலில் டயர். பள்ளத்துக்குள் ஊசியை விட்டு ஆழம் பார்ப்பார். பிறகு கைப்பிடியை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பி, எங்காவது தட்டுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கவனிப்பார். அடுத்து விளக்குகள், ஹாரன், கண்ணாடிகள். அப்புறம் மெதுவாக மண்டியிட்டு, ஒரு கந்தல் துணியைப் பின் சக்கரத்தின் உட்புறம் விட்டு ஒரு சுற்றுத் துடைப்பார். துணியில் எண்ணெய் பட்டால் வண்டிக்காரரின் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பார். கடைசியாக வண்டியை உருளைகள்மேல் ஏற்றி, பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று அளப்பார். ஒரு நாளைக்கு இருபத்தைந்து வண்டி, முப்பது வண்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மண்டியிடல், ஒரு எழுந்திருத்தல். எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்வது எப்போது தொடங்கியது என்று எனக்கு நினைவில்லை.

கால்வலியைவிட அவரை அதிகம் களைக்கவைத்தது பேச்சு. தேறாத வண்டியைக் கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். அதில் முதல் ஆள் பித்தலூகா, ஓய்வுபெற்ற தபால்காரர்.

“யோவ் ரெப்பெட்டோ, போன வருஷம் வாங்கின டயருய்யா இது. கொஞ்சம் கண்ணைத் தொறந்து பாரு.”

“நீ வாங்கினது போன வருஷம். அதுக்கு முன்னாடி யாரு தேய்ச்சானோ? மாத்திட்டு வா.”

“நான் என்ன ரேஸுக்கா போறேன்? கல்லறைக்குப் போயி எங்கம்மாவுக்கு ரெண்டு பூ வெச்சுட்டு வரப்போறேன்.”

“மழையில இந்த டயரோட போனா திரும்பி வர வேண்டிய வேலையே இருக்காது. பக்கத்துலயே ஒரு எடம் பாத்து வெச்சுக்கோ.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரெப்பெட்டோ சிரிக்கவில்லை. அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

அவருடைய மனைவி ஃபியொரென்ஸா, கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்தார். தினமும் முந்நூறு தட்டு. அவர்கள் வீடு குவெட்சி மேட்டின் உச்சியில். காலை ஏழு மணிக்கு ஃபியொரென்ஸா தன் பழைய ஸ்கூட்டரில் அந்தச் சரிவில் இறங்குவார், நான்கு மணிக்கு ஏறி வருவார். ரெப்பெட்டோ ஆறு மணிக்கு வீடு சேருவார். ஒருவர் பாதத்தைச் சூடான நீரில் வைத்திருப்பார், மற்றவர் முழங்காலில் துணி கட்டியிருப்பார். பேசாமல் சூப் குடிப்பார்கள். இதையெல்லாம் பின்னாளில் ஃபியொரென்ஸாவே என்னிடம் சொன்னார். அந்த நவம்பர் வரை அவரை நான் நேரில் பார்த்ததில்லை.

அதற்கு முந்தைய அக்டோபரின் முதல் ஞாயிறு அவர் கணவரிடம் சொன்னார்: “பின்னாடி பிரேக்கு என்னமோ மாதிரி இருக்கு. அமுக்கினா கெட்டியாத்தான் இருக்கு, வண்டிதான் நிக்க மாட்டேங்குது.”

“அடுத்த ஞாயித்துக்கெழம பாக்கறேன்.”

அடுத்த ஞாயிறு மழை. ரெப்பெட்டோ மதியம் வரை தூங்கினார். நினைவூட்டியபோது, “வாரத்துல ஒரு நாளாவது சக்கரத்தைப் பாக்காம இருக்கவிடேன்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகச் சொன்னார். மூன்றாம் ஞாயிறும் ஃபியொரென்ஸா கேட்டபோது செருப்புக்காலோடு முற்றத்துக்கு இறங்கி, பிரேக்கை ஒரு தடவை அமுக்கிப் பார்த்து, பின் சக்கரத்தருகே இருந்த நட்டை இரண்டு சுற்றுத் திருகினார்.

“சரியாயிடுச்சு, போ.”

ஃபியொரென்ஸா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு பெண் தொலைபேசியில் நாள் கேட்டார். ஃபியொரென்ஸா ஒலிவியேரி என்று பெயர் சொன்னார், வண்டி எண் சொன்னார். செவ்வாய்க்கிழமை பதினோரு மணி என்று எழுதிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் எங்கள் ஊரில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை மாற்றுவதில்லை. அவர் ரெப்பெட்டோவின் மனைவி என்று எனக்கு எப்படித் தெரியும்?

செவ்வாய்க்கிழமை முன்னே இரண்டு வண்டி. அதில் ஒன்று பித்தலூகாவுடையது, புது டயரோடு வந்திருந்தது. அது தேறியது. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டும் கிளம்பாமல், போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவதாக, நரைத்த முடியும் சிவந்த கைகளுமாக ஒரு பெண் தன் ஸ்கூட்டரை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வந்தார். ரெப்பெட்டோ நிமிர்ந்தார்.

“நீ எங்க இங்க?”

“தேதி முடியுது. சோதனைக்கு வந்திருக்கேன்.”

“சொல்லியிருந்தா காலையில நானே எடுத்துட்டு வந்திருப்பேனே.”

“நாள் வாங்கிட்டுதான் வந்திருக்கேன். ரெண்டு பேர் முடிஞ்சுது. இப்ப என் முறை.”

பித்தலூகாவுக்குக் கொண்டாட்டம். “ஆஹா, வீட்டம்மா வந்தாச்சு! இன்னைக்கு எல்லா வண்டியும் பாஸுதான். யப்பா, யாராச்சும் என் பழைய டயரைக் கொண்டாங்கப்பா!”

ரெப்பெட்டோ காதில் வாங்காததுபோல ஊசியை எடுத்தார். முன் டயர் சரி. பின் டயரின் ஆழம் விதித்த அளவுக்கு ஒரு மயிரிழை மேலே. கைப்பிடியைத் திருப்பினார். விளக்குகள் எரிந்தன. சுவரைப் பிடித்து மண்டியிட்டு, துணியைச் சக்கரத்துக்குள் விட்டார்.

துணி வெளியே வந்தபோது கருப்பாக நனைந்திருந்தது. வழக்கம்போல வண்டிக்காரரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். ஃபியொரென்ஸா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டியை உருளைமேல் ஏற்றினார். முன் பிரேக்கின் எண்ணைச் சொன்னார், ஏற்றினேன். பின் பிரேக்குக்குக் காத்திருந்தேன். அவர் பிரேக்கை அமுக்கினார். விட்டார். மறுபடி இரண்டு கையாலும் அமுக்கினார். உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. என் திரையில் முள் அசைந்ததா என்றே தெரியவில்லை.

“எண்ணு என்ன சார்?” என்று கேட்டேன்.

அவர் சுற்றுகிற உருளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பித்தலூகாவின் சிரிப்பும் நின்றுபோயிருந்தது.

எங்கள் முதலாளியம்மா த்ராவெர்ஸோ உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது. “அடெல்மோ, எதுக்கு எழுதிக்கிட்டு? இன்னும் முடிவு ஏத்தல இல்ல? பின்னாடி கொண்டுபோயி சரி பண்ணுங்க. நாளைக்குப் புதுசா ஆரம்பிச்சுக்கலாம்.”

“வேணாம்மா. எழுதட்டும்,” என்றார் ரெப்பெட்டோ. என் பக்கம் திரும்பி, “சாலையில ஓடக்கூடாதுன்னு போடு,” என்றார்.

எங்களிடம் இருக்கும் முடிவுகளில் அதுதான் மிகக் கடுமையானது. தேறாத வண்டிகூடப் பழுது பார்த்துவிட்டு மறு சோதனை வரை ஓடலாம், இது ஓடக்கூடாது. விசையை அமுக்கினேன்.

இருவரும் வாசலுக்குப் போனார்கள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

“இப்படி எத்தனை நாளா?”

“நீ பாத்ததுலேருந்து அஞ்சு வாரம்.”

“நட்டைத் திருகினேனே.”

“திருகின. செருப்புக்காலோட வந்து ரெண்டு சுத்து. சக்கரத்தைக் கழட்டல. குனிஞ்சுகூட பாக்கல.”

“அப்பறம் ஏன் மறுபடியும் சொல்லல?”

“மூணு தடவ சொன்னேன் அடெல்மோ. நாலாவது தடவ சொல்லத் தெம்பில்ல. சும்மா இருக்கிறவ இல்லயே நானும். முந்நூறு தட்டு தேய்ச்சுட்டு வரேன்.” பிறகு ஃபியொரென்ஸா மெதுவாகச் சொன்னார்: “ஊர்ல எவன் வண்டியா இருந்தாலும், இங்க வந்தா நீ முட்டி போட்டுப் பாக்கற. அதான் வந்தேன்.”

ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவருடைய வலது காலணியின் அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஐந்து வாரமும் அந்தச் சரிவில் காலைத் தரையில் உரசிக்கொண்டேதான் இறங்கியிருக்கிறார்.

ரெப்பெட்டோ அன்று மேலும் பன்னிரண்டு வண்டி பார்த்தார். எண்களை அவர் இரண்டு தடவை சொன்னால்தான் எனக்குக் கேட்டது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டார், ஆனால் எட்டு மணிக்கே வந்துவிட்டார். எங்கள் கொல்லைப்புறத்தில் சைலன்சரை இறக்கி, பின் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் குளம்போல நின்றது. கியர்பெட்டி எண்ணெயை வெளியே விடாமல் அடைக்கும் ஆயில் சீல் காய்ந்து வெடித்து, எண்ணெய் உள்ளே கசிந்து, சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் ஷூ இரண்டும் ஊறிப்போயிருந்தன. ஊறின ஷூவை எவ்வளவு அமுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும், நட்டைத் திருகி என்ன பயன்? சக்கரத்தைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதைத்தான் அவர் எல்லோரிடமும் இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சீல் மாற்றினார், ஷூ மாற்றினார், டிரம்மைக் கழுவித் துடைத்தார். கியர்பெட்டியில் அரைக் கோப்பை எண்ணெய்கூட மிச்சமில்லை. அதோடு நிறுத்தவில்லை. பக்க மூடியைத் திறந்து பெல்ட்டைப் பார்த்தார், விரிசல் இருந்தது, மாற்றினார். பின் டயரையும் மாற்றினார். இடையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வெங்காயம் போட்ட ஃபொகாச்சாவைத் தாளிலிருந்தே தின்றார். பாதி தின்றதும் அப்படியே தூங்கிவிட்டார், கையில் ரொட்டியோடு. நான் எழுப்பவில்லை.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. ஆனால் தரையிலிருந்து எழ முடியவில்லை. முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. சோதனைத் தாளில் ஏதோ முத்திரை விட்டுப்போனது என்று வந்திருந்த பித்தலூகாவும் நானும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம்.

“எங்களையெல்லாம் இத்தனை வருஷம் கெஞ்ச வெச்சியே, பாவி,” என்றார் பித்தலூகா, மூச்சு வாங்க. “மொதல்ல நீ ஒரு சோதனைக்குப் போ.”

“தேற மாட்டேன்யா,” என்றார் ரெப்பெட்டோ.

மறு சோதனையை அவர் செய்யவில்லை. முதலாளியம்மாவுக்கும் உரிமம் உண்டு. “நீங்களே பாத்துருங்கம்மா. இந்த வண்டி விஷயத்துல என் கண்ணை நான் நம்பல,” என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். பின் பிரேக் அமுங்கியதும் உருளை டக்கென்று நின்றது.

வண்டியை அவர் வீட்டுக்கு ஓட்டிப்போனபோது ஃபியொரென்ஸா அடுக்களையில் காலை நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ரெப்பெட்டோ மன்னிப்புக் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, முன் பிரேக், பின் பிரேக், டயரின் ஆழம், பெல்ட், எண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் படித்தார், அலுவலகத்தில் எனக்குச் சொல்வதுபோலவே. ஃபியொரென்ஸா முழுவதும் கேட்டுவிட்டு, “சூப்பு ஆறுது,” என்றார். அப்போதுதான் ரெப்பெட்டோ அவருடைய இடது முழங்காலைப் பார்த்தார். பாதி ஆறிய பெரிய காயம்.

“இது எப்ப?”

“இந்த மாசம் ஆரம்பத்துல. பஸ் நிறுத்தத்து வளைவுல, ஈர எலை மேல. முன்னாடி பிரேக்கு மட்டும் பிடிச்சேன், வழுக்கிருச்சு. பஸ் டிரைவர் எறங்கி வந்து தூக்கிவிட்டாரு.”

ரெப்பெட்டோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த முழங்காலைச் சுற்றி அவர் விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்ததாகவும், வெகுநேரம் எழவேயில்லை என்றும் ஃபியொரென்ஸா சொன்னார். எழ முடியாததாலா, எழ மனமில்லாததாலா என்று அவருக்குத் தெரியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பிரேக் சரியான பிறகும் ஃபியொரென்ஸா கோடைகாலம் வரை காலை உரசிக்கொண்டேதான் இறங்கினார். ரெப்பெட்டோ சனிக்கிழமை வேலையை விட்டார், முதலாளியம்மா முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஏப்ரலில் ஒரு முழங்காலுக்கு அறுவை சிகிச்சை. அதன் பிறகு அவர் வேலைக்குத் திரும்பவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர் மண்டியிடாமல், நீளமான கம்பி முனையில் கண்ணாடி கட்டிப் பார்க்கிறார். வேலை சீக்கிரம் முடிகிறது.

போன மாதம் ஃபியொரென்ஸாவைச் சந்தையில் பார்த்தேன். அவரும் வேலையிலிருந்து நின்றுவிட்டாராம். “ரெண்டு பேரும் வீட்டுல என்ன செய்யறீங்க?” என்று கேட்டேன்.

“மத்தியானம் சாப்பிட்டுட்டுத் தூங்கறோம்,” என்றார். “ஃபோனை ஒரு துணியில சுத்தி அலமாரியில போட்டுட்டுத் தூங்கறோம். முப்பது வருஷத் தூக்கம் பாக்கி இருக்கில்ல?”

நெத்திலி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.